கல்லாவில் சேராத காசு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், 20 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் ஊர் கீழ்பென்னாத்தூர். முழுநிலவு நாள்களில், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்துக்கொண்டு திரும்பும் கூட்டம் பொழுது விடியுமுன்பே இந்தச் சாலையை நிறைத்துவிடுகிறது. பேருந்து நிற்கும் சிறு இடைவேளையில் ஒருவர் இறங்கித் தேநீர் வாங்குகிறார். பாதி குடிப்பதற்குள் நடத்துநர் விசில் ஊதுகிறார். மீதியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, குவளையைப் பலகைமேல் வைத்துவிட்டு ஓடி ஏறிக்கொள்கிறார். செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் சட்டைப்பையில் கைவிட்டுப் பார்த்தால், தேநீருக்கென்று எடுத்து வைத்த காசு அப்படியே இருக்கிறது.

அவர் செய்தது என்ன? திருட்டா, கடனா, வெறும் மறதியா? இது அற்பமான கேள்வி என்று தோன்றலாம். ஆனால் மனச்சான்று என்பது பெரிய சோதனைகளில் மட்டும் விழித்துக்கொள்ளும் காவலாளி அன்று. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் வங்கியைக் கொள்ளையிடும் வாய்ப்பே வருவதில்லை. கொடுக்க மறந்த தேநீர்க் காசு எல்லாருக்கும் வருகிறது. ஆகவே இதனைச் சற்று நின்று நிதானித்துப் பார்ப்பது வீணாகாது.

முதலில் வரும் பதில் எளியது: "தெரியாமல் நடந்தது, இதில் பாவம் எங்கே?" இந்தப் பதில் சரியானதே. சாவான பாவத்துக்குக் கனமான பொருள், முழு அறிவு, மனம் ஒப்பிய இசைவு என்னும் மூன்றும் வேண்டும் என்பது நம் மறைக்கல்வியில் சிறுவர்களும் படிக்கும் பாடம். பேருந்துக்கு ஓடியவரிடம் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. வள்ளுவரும் கள்ளாமையைத் துறவறவியலில், 29ஆம் அதிகாரமாக வைத்தார். திருட்டைக் கையின் குற்றமாக மட்டும் கருதியிருந்தால் அதனை அரசனின் தண்டனையோடு பொருட்பாலில் வைத்திருக்கலாம். உள்ளத்தைக் காக்கவேண்டியவர்களுக்குரிய அறங்களோடு அவர் அதனைச் சேர்த்ததைப் பார்க்கையில், களவின் வேர் எண்ணத்தில் இருக்கிறது என்று அவர் கண்டது விளங்குகிறது. எண்ணம் இல்லாத இடத்தில் களவு இல்லை.

இந்தச் சரியான பதில் ஒரு படி முன்னதாகவே நின்றுவிடுவதுதான் இடர்ப்பாடு. அது கடையை விட்டு வெளியேறிய நொடியைப் பற்றி மட்டும் பேசுகிறது. சட்டைப்பையில் கைவிட்ட நொடியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இரண்டு நொடிகளையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கு சான்று. ஆஷ்வெல் என்பவர் கீயோ என்பவரிடம் ஒரு ஷில்லிங் கடன் கேட்டார். கீயோ ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். அது ஷில்லிங் என்றே இருவரும் எண்ணினர். உண்மையில் அது 20 ஷில்லிங் மதிப்புள்ள பொற்காசு. ஆஷ்வெல் பிறகுதான் அதனைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதும் மாற்றிச் செலவழித்துவிட்டார். இது திருட்டா என்று தீர்மானிக்க 14 நீதிபதிகள் அமர்ந்தனர். ஏழு பேர் ஆம் என்றனர், ஏழு பேர் இல்லை என்றனர்! வாங்கும்போது கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் வந்தபோது வாங்குதல் முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழாதபோது அதனைத் திருட்டு எனலாமா என்பதே அவர்களது திகைப்பு. வாக்குகள் சமமானதால் கீழே அளிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பு அப்படியே நின்றது.

வியப்பு என்னவென்றால், அந்த நீதிபதிகள் திகைப்பதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இதற்கு விடை எழுதப்பட்டிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 403ஆம் பிரிவில் திருட்டை விட்டு விலகி, நேர்மையற்றுக் கையாடுதல் என்று தனியாக ஒரு குற்றத்தை வகுத்தது. அதற்குத் தரப்பட்ட முதல் எடுத்துக்காட்டே நம் கேள்விக்கு வெகு அருகில் உள்ளது. பிறனுடைய பொருளைத் தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்துச் சென்றவன் திருடன் அல்லன். ஆனால் தன் தவறு தெரிந்த பின்னும் நேர்மையின்றி அதனைத் தனக்கென்று வைத்துக்கொண்டால், அப்போது அவன் குற்றவாளி ஆகிறான். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதனை 314ஆம் பிரிவில் வைத்துக் காக்கிறது. சட்டம் எழுதியவர்கள் மனிதனின் உள்ளத்தை நன்கு அறிந்திருந்தார்கள் என்றே சொல்லவேண்டும். எடுத்த கை குற்றமற்றதாக இருந்தும், வைத்துக்கொள்ளும் கை குற்றமுடையதாகலாம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை 13ஆம் நூற்றாண்டிலேயே வேறு வகையில் பகுத்தார். திருப்பிக் கொடுக்கும் கடமைக்கு இரண்டு வேர்கள் உண்டு என்கிறார் அவர். ஒன்று, எடுத்த செயல். மற்றொன்று, கையில் இருக்கும் பொருள். எடுத்த செயல் அநீதியானதாக இருந்தால், பொருள் தொலைந்தாலும் அழிந்தாலும் ஈடு செய்தே ஆகவேண்டும். செயலில் குற்றம் இல்லாவிட்டாலும், பிறருடைய பொருள் நம் கையில் இருக்கும் வரை அது தன் உடையவரை நோக்கி நம்மைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் நல்லவரா கெட்டவரா என்று அப்பொருள் கேட்பதில்லை. தான் யாருடையது என்பதை மட்டுமே அது அறியும். லேவியர் நூலின் 5ஆம் அதிகாரமும் இதே நடையில்தான் பேசுகிறது. ஆண்டவருக்குரிய தூய பொருள்களில் ஒருவன் அறியாமல் தவறிழைத்தாலும் அதனை ஈடுசெய்து, மேலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அறியாமை அவனைத் தண்டனையிலிருந்து காக்கலாம், கொடுக்கவேண்டியதிலிருந்து விடுவிக்கவில்லை.

அப்படியானால் தேநீர்க் கதை என்ன ஆகும்? தேநீர் கையில் இல்லை, வயிற்றுக்குப் போய்விட்டது. பொருள் இல்லை, அநீதியான செயலும் இல்லை; ஆகவே கடமையும் இல்லை என்று சாமர்த்தியமாக வாதிடுபவர் ஒருவர் எழக்கூடும். அவருக்கும் அக்குவினாஸ் விடை வைத்திருக்கிறார். உடையவரின் விருப்பத்தோடு, பெறுபவரின் நன்மைக்காக ஒன்று கொடுக்கப்பட்டால், அது பெறுபவரிடம் தொலைந்துபோனாலும் திருப்பித்தரும் பொறுப்பு தொலைவதில்லை. கடனாக வாங்கியது அத்தகையது. தேநீரும் அத்தகையதே. கடைக்காரர் அதனைப் பறிகொடுக்கவில்லை. நம்பிக்கையோடு கையில் கொடுத்தார், பிறகு காசு வரும் என்று அடுத்தவருக்குத் தேநீர் ஆற்றப் போனார். நம் சிற்றூர்களில் தேநீர்க்கடைகள் குடித்த பின் காசு என்ற முறையில்தான் நடக்கின்றன. ஆக, பேருந்தில் ஏறியவர் திருடர் அல்லர், கடனாளி. தமிழில் 'கடன்' என்ற சொல் கொடுக்கவேண்டிய பணத்தையும் குறிக்கும், செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர்க்கு இந்தக் கட்டுரை தேவைப்பட்டிராது.

இப்போது இன்னொரு கடைக்குப் போவோம். இங்கேதான் இக்கேள்வி இன்று உண்மையில் கூர்மை பெறுகிறது.

2016ஆம் ஆண்டில் யுபிஐ வந்தது. இன்று சிற்றூர் மளிகைக்கடையின் கல்லாப்பெட்டிமேலும் கட்டங்கட்டமாகக் கோலம் போட்ட அட்டை ஒன்று நிற்கிறது. பக்கத்தில் பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சிறு பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் கைப்பேசியைக் காட்டுகிறார், எண்ணை அழுத்துகிறார், பையை எடுத்துக்கொண்டு நடக்கிறார. பெட்டி பேசாமல் இருந்ததைக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. தம் கணக்கில் பணம் கழிந்த செய்தி வந்துவிட்டதால் அவர் மனம் அமைதியாக இருக்கிறது. ஆனால் இடையில் எங்கோ தடை ஏற்பட்டு, கடைக்காரர் கணக்குக்குப் பணம் போய்ச்சேரவில்லை.

இத்தகைய நிலைக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி வகுத்தது. கடைக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதிச்செய்தி கடையில் கிடைக்காவிட்டால், அப்பணம் ஐந்து நாள்களுக்குள் தானாகவே செலுத்தியவர் கணக்குக்குத் திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. வாடிக்கையாளரின் பணத்தைக் காக்க வந்த நல்ல விதி இது. ஆயினும் அதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். நான்காம் நாள், பிற செய்திகளுக்கு நடுவே, 340 ரூபாய் வரவு என்ற ஒரு வரி நம் கைப்பேசியில் வந்து விழுகிறது. அரிசியும் பருப்பும் வீட்டில் பாதி தீர்ந்துவிட்டன. கடைக்காரருக்கு எந்த வாடிக்கையாளர் என்பது நினைவில் இல்லை. தமக்குக் குறைந்தது என்பதே தெரியாமலும் இருக்கலாம். கேட்க யாரும் வரப்போவதில்லை.

பழைய உலகில் மறதி நம்முடையது; நினைவுக்கு வந்ததும் வெட்கம் வரும், வெட்கம் நம்மைக் கடைக்கு அனுப்பும். புதிய உலகில் மறந்தது ஒரு கருவி. நாம் மறக்கவே இல்லை, முறைப்படி எண்ணை அழுத்தினோம். கணக்கில் திரும்பி வந்த பணம் வங்கியே கொடுத்தது போலத் தோன்றுகிறது. குற்ற உணர்வுக்கு இடமே இல்லாதபடி எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆகையால்தான் இது அதிக இடர் நிறைந்தது. தவறு செய்யாதவனின் மன அமைதியோடு பிறருடைய 340 ரூபாயை வைத்துக்கொள்ள முடிகிறது. ஆஷ்வெல்லுக்காவது பொற்காசு கண்ணுக்கெதிரே மின்னியது. நமக்குத் திரையில் ஒரு வரி மட்டுமே. விரலால் மேலே தள்ளிவிட்டால் அதுவும் மறைந்துவிடும்.

1992இல் வெளிவந்த 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' தன் 2409ஆம் எண்ணில், இரவல் பெற்றதையும் பிறர் தவறவிட்டதையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்வதை ஏழாம் கட்டளைக்கு எதிரானவற்றுள் சேர்க்கிறது. அந்த ஆண்டில் கைப்பேசிப் பணத்தை எவரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் 'வேண்டுமென்றே' என்ற அந்தச் சொல் இதற்கும் போதுமானதாக இருக்கிறது. திரையில் வரி விழுந்ததைப் படித்த பின், அது எதன் பணம் என்பது விளங்கிய பின், பேசாமலிருப்பது வேண்டுமென்றே இருப்பதுதான்.

"சின்னத் தொகைதானே" என்னும் வாதத்தை முற்றிலும் ஒதுக்க நாம் விரும்பவில்லை. அதில் உண்மை உண்டு. மல்லாட்டை விற்கும் இடத்தில் இரண்டை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டே விலை கேட்பது இப்பக்கத்து வழக்கம். அதற்கு யாரும் காசு கேட்பதில்லை, கேட்டால்தான் அவமதிப்பு. காய் வாங்கினால் கொத்துமல்லி கொசுறாக வருகிறது. அக்குவினாஸும் மிகச் சிறிய பொருள்களைப் பற்றிப் பேசுகையில், உடையவர் அதனை இழப்பாகவே கருதமாட்டார் என்று எடுப்பவர் ஊகித்துக்கொள்ளலாம் என்கிறார். இணைச்சட்டத்தின் 23ஆம் அதிகாரமோ இன்னும் அழகாக எல்லை வகுக்கிறது. அடுத்தவரின் திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் வயிறார உண்ணலாம், கூடையில் மட்டும் போட்டுக்கொள்ளக்கூடாது. வழிப்போக்கனின் பசிக்கு இடம் தந்து, அவன் கூடைக்கு இடம் தராத சட்டம் அது. மல்லாட்டைக் கடையில் நம் மக்கள் படிக்காமலே கடைப்பிடிப்பதும் இதுவே. வாயில் இரண்டு போடலாம், பையில் ஒரு பிடி போடலாகாது.

இதற்கு நேர் எதிரான கண்டிப்பும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர்ப் பக்கத்துத் திருமலையில், சமணத் துறவியர் வாழ்ந்த குகைகளும் கோயில்களும் இன்றும் உள்ளன. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்பது அவர்களது பெருவிரதங்களுள் ஒன்று. திருடாமை என்றுகூட அவர்கள் சொல்லவில்லை, கொடுக்கப்படாதது என்றார்கள். இந்த அளவுகோலை வைத்தால் வாயில் போட்ட இரண்டு மல்லாட்டையும் தப்பாது. இல்லறத்தாருக்கு அது கடினம். அந்நெறியும் இல்லறத்தாருக்கு இளகிய விரதத்தையே வைத்தது. எனினும் 'எனக்கு இது கொடுக்கப்பட்டதா?' என்ற கேள்வி, 'நான் இதனைத் திருடினேனா?' என்பதைக் காட்டிலும் நம்மை நேராகக் கடைக்கே அழைத்துச் செல்கிறது.

ஆனால் கொசுறு கொடுப்பவர் கையில் இருக்கவேண்டும். எடுப்பவரே அளந்துகொண்டால் அது கொசுறு அன்று. மேலும் சிறியவை சேரும். 1679ஆம் ஆண்டு திருத்தந்தை 11ஆம் இன்னசென்ட் 65 தளர்ந்த ஒழுக்கக் கருத்துகளைக் கண்டனம் செய்தார். சிறுசிறு திருட்டுகளால் சேர்ந்த தொகை எவ்வளவு பெரிதானாலும் அதனைத் திருப்பித்தரும் கனமான கடமை இல்லை என்பது அவற்றுள் ஒன்று. அந்தக் காலத்து அறிஞருள்ளும் அப்படி வாதிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை எண்ண நமக்குச் சிறிது ஆறுதலாகவும் இருக்கிறது.

"பெரிய கடை, அவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?" என்பது அடுத்த வாதம். நகரத்துப் பல்பொருள் அங்காடியில் கூடையின் அடியில் கிடந்த சோப்புக்கட்டி பில்லில் ஏறாமல் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலாளி எங்கோ இருக்கிறார், அவருக்கு வலிக்கப்போவதில்லை. ஆனால் வலி எப்போதும் முதலாளி வரை ஏறிச்செல்வதில்லை. பல வேளைகளில் அது கீழ்நோக்கியே இறங்குகிறது. பொறுப்பில் விடப்பட்ட சரக்கோ கணக்குக் காட்டவேண்டிய பணமோ ஊழியரின் கவனக்குறைவால் குறைந்தால், அவர் ஊதியத்தில் பிடித்துக்கொள்ள 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இடமளித்தது. 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் அதனை விட்டுவிடவில்லை. சட்டம் நிபந்தனைகளோடுதான் சொல்கிறது. கடைகளோ சட்டத்தைக் கேட்டுக்கொண்டு பிடிப்பதில்லை. அன்றைய கல்லாவில் 60 ரூபாய் குறைந்தால், பில் போட்ட பெண் தன் கைக்காசைப் போட்டுவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். நாம் எண்ணிய அந்த முகமற்ற பெரிய நிறுவனத்துக்கு, நம் சோப்புக்கட்டியைப் பொறுத்தவரையில், அவளுடைய முகம்தான்.

இதுவரை சொன்னவற்றை ஏற்றுக்கொள்பவர்களும் கடைக்குத் திரும்பிப் போவதில்லை. பேராசை அதற்குக் காரணமன்று, அச்சம்தான். போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? மறந்துவிட்டேன் என்றால் நம்புவார்களா?

இந்த அச்சம் எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை என்பதை நாம் மனந்திறந்து ஒத்துக்கொள்ளவேண்டும். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் காசு கொடுக்காமல் போய்விட்டால், "ஐயா ஏதோ நினைப்பில் போயிட்டாரு" என்று கடைக்காரர் சிரிக்கிறார். கூலிவேலைக்குப் போகும் பெண் ஒருத்தி அதே மறதியோடு படியிறங்கினால், தெருவே கேட்கும்படி குரல் எழுகிறது. மறதி ஒன்றே, மறப்பதற்கு உரிமை பெற்றவர் வேறு, பெறாதவர் வேறு. 1871இல் வடநாட்டில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பிலேயே சில சமூகங்களைத் திருடர் என்று பதிவேட்டில் எழுதியது. 1947இல் அது சென்னை மாகாணத்தில் நீங்கியது; 1952இல் நாடு முழுவதும் நீங்கியது. பதிவேடு கிழிந்ததே ஒழிய, கடைக்காரரின் கண்ணிலிருந்து அது இன்னும் முழுவதும் அழியவில்லை. ஒரு குறவர் வீட்டுச் சிறுவன் மிட்டாய்ப் புட்டியருகே நிற்பதற்கும் வேறொரு சிறுவன் நிற்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை, கடைத்தெருவில் நிற்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்.

தமிழில் கள்வன் என்ற பட்டம் ஆராயாமல் சூட்டப்பட்டதன் விலையைச் சொல்லும் காப்பியம் சிலப்பதிகாரம். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதுவே போதுமான சான்றாகக் கொள்ளப்பட்டது. ஊர் புதிது, கேட்க ஆள் இல்லை. இதில் நம் கேள்விக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. பாண்டியன் தெரிந்து அநீதி செய்யவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பினான், அவ்வளவே. நம் தேநீர்க் கணக்கின்படி அவனுக்கும் "தெரியாமல் நடந்தது" என்ற சொல் பொருந்தும். ஆனால் உண்மை தெரிந்த நொடியில் அவன் அச்சொல்லின் பின்னே ஒளியவில்லை. கள்வன் என்ற சொல்லைத் தன்மேலேயே திருப்பிக்கொண்டு, அரியணையிலிருந்து உயிரற்று விழுந்தான். திருப்பிக் கொடுக்க முடியாததை எடுத்துவிட்டவனின் நிலை அது. நம்முடையது 15 ரூபாய். திருப்பிக் கொடுக்கக் கூடியது. அதுவும் ஒரு பேறுதான்.

ஆகவே இந்த அறம் வாடிக்கையாளருக்கு மட்டும் உரியதன்று. திரும்பி வருபவரை எப்படி வரவேற்கிறார் என்பதில் கடைக்காரரின் அறமும் இருக்கிறது. தொடக்கநூலில் யோசேப்பின் சகோதரர் எகிப்தில் தானியம் வாங்கிக்கொண்டு திரும்புகையில், கொடுத்த பணம் சாக்கின் வாயிலேயே இருக்கக் கண்டு நடுங்குகிறார்கள். மறுமுறை போகும்போது, அது ஏதேனும் தவறுதலாக இருக்கலாம், அந்தப் பணத்தையும் கொண்டுபோங்கள், புதிய தானியத்துக்கும் கொண்டுபோங்கள் என்று முதியவர் யாக்கோபு அனுப்பிவைக்கிறார். அவர்கள் வாசலிலேயே வீட்டு மேற்பார்வையாளரை நிறுத்தி, அவர் கேட்கும் முன்பே நடந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அவரோ, அஞ்சாதீர்கள், உங்கள் பணம் எனக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லி, உள்ளே அழைத்துக் கால் கழுவத் தண்ணீர் தருகிறார். அந்த மேற்பார்வையாளரைப் போல ஒருவர் கல்லாவில் அமர்ந்திருந்தால், திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை கூடும் என்றே நாம் கருதுகிறோம். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் ரோட்டரி சங்கத்தினர் காந்தி ஜெயந்தியன்று ஆளில்லாக் கடை நடத்துவதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிசோரமில் ஐஸ்வாலுக்குச் சற்றுத் தொலைவில், செலிங் பகுதி நெடுஞ்சாலையோரம், உழவர்கள் காய்கறியையும் பணப்பெட்டியையும் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கண்காணிக்கும் கண் இல்லாததால், சந்தேகிக்கும் கண்ணும் இல்லை. மறந்து போனவர் மறுநாள் வந்து பெட்டியில் போட்டால், யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலருக்கு இந்த நேர்மை நோயாகவே மாறிவிடுகிறது. தோபித்து நூலில் ஒரு வீட்டுக்காட்சி வருகிறது. கண்பார்வை இழந்த தோபித்து, வீட்டில் ஆட்டுக்குட்டி கத்துவதைக் கேட்கிறார். நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் மனைவி அன்னா, கூலிக்குமேல் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்கிறார். அவர் நம்பவில்லை. திருட்டுப் பொருளாயிருக்கும், உடையவர்களிடம் கொடுத்துவிடு என்று அழுத்துகிறார். அன்னா சினந்து, உம்முடைய அறச்செயல்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டுவிடுகிறார். தோபித்து நேர்மையாளர்தான், அந்த நாளில் அவர் நேர்மை, உழைத்துச் சோறு போட்ட மனைவியைத் திருடியாக்கியது. பிறர் பொருளுக்கு அஞ்சுவது நன்று, அந்த அச்சத்தை வீட்டிலுள்ளோர்மேல் சுமத்துவது நன்றன்று. பிள்ளை கையில் கடையிலிருந்து வந்த பலூனைக் கண்டதும் அடிக்கக் கை ஓங்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காசைக் கொடுக்கச் செய்தால் போதும். அதற்குக் கடைக்குப் போவதே ஓர் உலா.

இனி, திரும்பப் போகவே முடியாத நிலை. கிரிவலத்துக்கு வந்தவர் சென்னையிலிருந்து வந்தவர். மீண்டும் வருவாரா என்பது தெரியாது. எந்தக் கடை என்பதும் இருட்டில் நினைவில்லை. இத்தகையோர் உடனே நாடும் வழி உண்டியல். கோயில் உண்டியலோ நம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியோ, 15 ரூபாயைப் போட்டுவிட்டு மனத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். இதில் நமக்கு உடன்பாடில்லை. கடவுளுக்குக் கொடுத்தது தேநீர்க்கடைக்காரருக்குக் கொடுத்ததாகாது. உடையவர் யாரென்று அறிய முடியாதபோது அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று அக்குவினாஸ் அனுமதிக்கிறார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் அவரைத் தேடிப் பார்க்கவேண்டும் என்றும் அவர் சொல்கிறார். கீழ்பென்னாத்தூரில் பேருந்து நிற்கும் இடத்தில் எத்தனை தேநீர்க்கடைகள் இருந்துவிடப் போகின்றன? அவ்வழியே போகும் நடத்துநரிடமோ, ஊரிலுள்ள அறிமுகமானவரிடமோ சொன்னால் அரைநாளில் கண்டுபிடித்துவிடலாம். தேடாமலே "தெரியவில்லை" என்பதற்கும், தேடித் தெரியாமல் போவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் பலருடைய உண்டியல் காசு விழுகிறது.

தேடிக் கொடுத்த பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சக்கூடும். புனித அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில், தாம் மிலான் நகரில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறார். இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் வேலைபார்த்த மிக ஏழையான ஒருவர், ஏறத்தாழ 200 பொற்காசுகள் கொண்ட பையைக் கண்டெடுத்தார். உடையவர் தெரியாததால் பொது இடத்தில் அறிவிப்பு எழுதி வைத்தார். உடையவர் வந்து அடையாளம் சொன்னதும் பையை ஒப்படைத்தார். மகிழ்ந்த உடையவர் 20 காசுகளை நீட்டினார், ஏழை வாங்கவில்லை. 10 என்றார், வாங்கவில்லை. ஐந்தாவது எடுத்துக்கொள் என்றார், அதையும் வாங்கவில்லை. உடையவருக்குக் கோபம் வந்துவிட்டது. பையைத் தரையில் வீசி, நீ ஒன்றும் வாங்கமாட்டாய் என்றால் நானும் ஒன்றும் தொலைக்கவில்லை என்றார். வேறு வழியின்றி அந்த ஏழை கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு, அதனை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். இருவரில் யார் பெரியவர் என்று அகுஸ்தினாரின் மக்கள் வியந்திருப்பார்கள்.

நம் கடைத்தெருவில் இது தலைகீழாக நடக்கிறது. மறந்த காசைக் கொண்டுபோய் நீட்டினால், "அட, இதுக்காகவா வந்தீங்க? போகட்டும் விடுங்க" என்று கடைக்காரர் கையை மறுக்கிறார். வற்புறுத்திப் பார்க்கலாம், ஒருமுறை, இருமுறை. அதன் பிறகும் மறுத்தால் பெற்றுக்கொண்டு நன்றி சொல்லி வருவதே முறை. கடனை மன்னிப்பது கடன் கொடுத்தவரின் உரிமை. அதனை நாமே நமக்கு மன்னித்துக்கொள்ளக் கூடாதே தவிர, அவர் மன்னித்தால் தடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று. அப்படிச் சொன்னவர் கடைக்கு உரியவர்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். பெரிய கடைகளில் பில் போடும் பெண், வரிசை நீண்டு நிற்பதைப் பார்த்து, "பரவாயில்லைங்க, போங்க" என்பாள். அவள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறாள். அந்தக் காசு அவளுடையதன்று, மன்னிக்க அவளால் இயலாது. இரவில் கணக்குப் பார்க்கையில் குறைந்தால் போடவேண்டியவள் மட்டும் அவளாக இருக்கலாம். அங்கே வரிசையில் மறுபடியும் நின்று, பில் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும்.